வீடு யார் பேரில்?

மாதா துணை

மரைக்கான்பட்டினம்,
ராமநாதபுரம் ஜில்லா.
19-1-1965

அன்புள்ள அக்கா சகாயராணிக்கு,

உன் தம்பி தனசீலன் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நான் சுகமாய் வந்து சேர்ந்தேன். நீயும் ஏசுதாஸ் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானா? சின்னவளுக்கு இருமல் விட்டதா?

ரயில் மண்டபத்தோடு நின்றுவிடுகிறது. போன மாதப் புயலில் பாலத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. நான் ராமநாதபுரத்திலேயே இறங்கிக் கடலோரமாக பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் தலையில்லாத பனைகள். ஒரு தோணி சோளக்கொல்லைக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது, அதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. கிணற்றுத் தண்ணீர் எல்லாம் உப்பு.

ஊர் முழுக்க முஸ்லிம்கள். எனக்கு இது நோன்பு மாதம் என்றே தெரியாது. வந்த பசியில் டீக்கடையைத் தேடி ஊரை இரண்டு சுற்றுச் சுற்றினேன், எல்லாக் கடையும் சாத்திக் கிடந்தது. சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டுச் சட்டி நிறையக் கஞ்சி ஊற்றினார். நான் முஸ்லிம் இல்லை, வேதக்காரன் என்று சொன்னேன். "கஞ்சிக்கு என்ன வேதம்? குடிங்க" என்றார். பாதி ஓடில்லாத கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு இவர்கள் எனக்குச் சோறு போடுகிறார்கள், இவர்களுக்கு வீடு கட்டித்தர நான் வந்திருக்கிறேன்.

பம்பாயில் மாதுங்கா நிவாரணக் குழு கொடுத்த வீட்டுப் படத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஓட்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். நல்ல காற்று வரும். ஒன்றுதான் விசித்திரம். வந்த நாளிலிருந்து இந்த ஊரில் ஒரு பெண்ணைக்கூட நான் பார்க்கவில்லை.

பதில் போடு.

தம்பி,
தனசீலன்

---

மாதா துணை

தாராவி
27-1-65

அன்புத் தம்பி தனசீலனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். சின்னவளுக்கு இருமல் போய், இப்போது வாய்தான் அதிகம்.

ஏலே, ஊர் முழுக்கப் பெண்கள் இல்லாமலா அத்தனை வீட்டில் உலை கொதிக்கிறது? நீ பார்க்காததால் அவர்கள் இல்லை என்று ஆகிவிடுமா! எனக்குப் பனையும் தோணியும் வேண்டாம். அந்தப் பெண்கள் தண்ணீருக்கு எப்படிப் போகிறார்கள்? புயலன்று எங்கே ஓடினார்கள்? ஒருத்தி இன்னொருத்தி வீட்டுக்கு எந்த வழியாகப் போய்ப் பேசுகிறாள்? இங்கே நான் கதவைத் திறந்தால் எதிர்க்கதவு மூக்கில் இடிக்கிறது. காலையில் குழாயடியில் நின்றால் பாதி தாராவியின் சண்டையும் காதுக்கு வந்துவிடும். யார் கண்ணிலும் படாமலே வாழ்கிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. கேட்டு எழுது. கேட்க வெட்கமாக இருந்தால் என் பேரைச் சொல்லிக் கேள்.

அத்தான் தோல் பட்டறையில் கூலிக்கு இருந்தது போதும், இனிமேல் பங்குக்கு நிற்கப்போகிறேன் என்கிறார். கூட்டாளி ஒருத்தன் கிடைத்திருக்கிறானாம். பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வருகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். உப்புத் தண்ணீரில் தலை குளிக்காதே.

அக்கா

---

மாதா துணை

மரைக்கான்பட்டினம்
16-2-65

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே பையன்களின் இந்தி எதிர்ப்புக் கலாட்டாவில் ரயிலும் தபாலும் நின்று போய், உன் கடிதம் நோன்புப் பெருநாளும் கழிந்துதான் வந்தது.

உன் கேள்விக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது. படத்தில் உள்ளபடி முதல் வீட்டைக் கட்டித் தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்தேன். மறுநாள் காலையில் போனால் ஜன்னலை உள்ளேயிருந்து கல் வைத்து அடைத்திருக்கிறார்கள்! எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில், பாதிச் சுவர் நிற்கிற ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"தம்பி, கோவிக்காதீக. ஜன்னலைத் தெருவுக்கு வச்சா நாங்க எங்க போயி உக்கார? முடுக்கப் பாத்து வைங்க."

முடுக்கு என்பது வீடுகளின் பின்பக்கச் சுவர்களுக்கு நடுவே போகிற ஒடுக்கமான சந்து. அது பெண்களின் தெரு, அக்கா. ஆண்கள் அதில் கால் வைக்க மாட்டார்கள். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அதன் வழியாகவே போய்விடலாமாம். புயலில் அந்தச் சுவர்கள் விழுந்துவிட்டன. அதனால் பெண்கள் பகலில் ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லாமல் அடைந்து கிடக்கிறார்கள். வீடு பிறகு ஆகட்டும், முதலில் முடுக்குச் சுவரைக் கட்டித் தாருங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. இதை எந்த ஆணும் என்னிடம் சொல்லவில்லை.

அந்தக் குரலுக்குப் பெயர் மெஹராஜ். புருஷன் கொழும்பில் கடை வைத்திருக்கிறார். நான் வாசலில் நின்று உன் கடிதத்தைப் படித்தேன், அவர்கள் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னார்கள். ராத்தா என்று கூப்பிடுகிறேன், அக்கா என்பதற்கு இங்கே அதுதான் பேச்சு. நீ எழுதிய குழாயடிச் சண்டையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள், கூட இன்னொரு சிரிப்பும் கேட்டது. அது மகள் ரஷீதா. முஹர்ரம் மாதம் பிறந்துவிட்டால் கலியாணம் வைக்க மாட்டார்களாம், அதற்குமுன் அவளுக்குக் கலியாணம். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். பெண்ணுக்கென்று ஒரு வீடு இல்லாமல் கலியாணமே கிடையாது. ரஷீதாவுக்கு வைத்திருந்த வீட்டைப் புயல் தரையோடு கொண்டுபோய்விட்டது.

நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். உள்ளூரில் இருக்கிற குடும்பத் தலைவர் பேருக்குத்தான் வீடு என்பது குழுவின் சட்டம். கொழும்புக்காரர் ஊரில் இல்லை. அதனால் மாப்பிள்ளை பேரையே எழுதி மாதுங்காவுக்கு அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவரிடம் பள்ளிவாசல் வாசலிலேயே, "மாப்பிள்ளை, வீடு உங்க பேருல வருது" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் வாயடைத்துப் போய்விட்டார். சந்தோஷம்தான்.

தம்பி,
தனசீலன்

---

மாதா துணை

மரைக்கான்பட்டினம்
8-3-65

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. வீட்டில் எல்லாரும் சுகம்தானே? என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

நான் செய்தது நல்ல காரியமே இல்லை. மாப்பிள்ளைக்கு அன்று வாயடைத்தது சந்தோஷத்தில் அல்ல, அவமானத்தில். அவர் தாயார் சொல்லி அனுப்பிவிட்டார்: "என் மகன் வீடு வாங்கிக்கிட்டுப் பொண்ணு கட்டுறான்னு ஊரு சொல்லவா? அப்படியொரு கலியாணம் எங்களுக்கு வேண்டாம்." இங்கே வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். புருஷன் அதில் எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் விருந்தாளிதான். நான் அதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன்.

ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று ஒன்றே ஒன்று சொன்னார்கள். "என் மகளைக் குடிக்கூலிக்காரியா ஆக்கிட்டீகளே தம்பி. அவரு போன்னா அவ போகணும்ல." அதன்பிறகு குரல் இல்லை. தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். கதவு இருக்கிறது, ஆள் இல்லாத மாதிரி.

முஹர்ரத்துக்கு முன் வீடு ரஷீதா பேருக்கு மாறினால் கலியாணம் நடக்கும். இல்லாவிட்டால் முறிந்தது முறிந்ததுதான். மாதுங்காவுக்கு எழுதினேன், முடியாது என்று செயலாளர் அனந்தநாராயணன் பதில் போட்டுவிட்டார். அக்கா, நீ நேரில் போய் அவரைப் பார்க்க வேண்டும். கடிதத்துக்கு இல்லை என்பது சுலபம். உன் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை.

தம்பி,
தனசீலன்

---

மாதா துணை

கோவண்டி
22-3-65

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நல்ல சுகம். உன் கடிதங்கள் தாராவிக்குப் போய், எதிர்வீட்டு வெயிலுமுத்து அண்ணாச்சி எடுத்துவைத்திருந்து இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் கொஞ்ச நாளைக்குக் கோவண்டிக்கு வந்திருக்கிறோம். அத்தானின் சிநேகிதர் வீடு. இங்கே காற்று நல்லாயிருக்கிறது. சின்னவளின் நெஞ்சுக்கு ஏற்ற இடம். இனி மேலே உள்ள விலாசத்துக்கே எழுது.

நீ செய்த காரியத்துக்கு உன் தலையில் நான்கு குட்டு வைக்க வேண்டும். போகட்டும், மாதுங்காவுக்குப் போனேன்.

அனந்தநாராயணன் நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார். "இதோ பாருங்கோம்மா, கமிட்டி தீர்மானம் போட்டாச்சு. குடும்பத் தலைவர் பேருக்குத்தான் வீடு. நாளைக்கு ஆடிட்டர் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். "உங்க வீட்டுல குடும்பத் தலைவர் யாரு சார்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். காபி கொண்டுவந்த அவர் சம்சாரம் ருக்கு மாமி, "அவரைக் கேட்டா? என்னைக் கேளுங்கோ" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். ஆனாலும் அவர் மசியவில்லை. அடுத்த வாரம் மறுபடி போவேன்.

மெஹராஜ் ராத்தாவிடம் எனக்காக ஒன்று கேள். அந்த ஊரில் புருஷன் ஒருவன் பெண்டாட்டிக்குச் சொல்லாமல் வீட்டை விற்கமுடியுமா? விற்றால் அவள் என்ன செய்வாள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அக்கா

---

மாதா துணை

மரைக்கான்பட்டினம்
31-3-65

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோவண்டிக் காற்று சின்னவளுக்கு ஒத்துக்கொண்டதா?

நீ குட்டுவதாக எழுதியதையும் விடாமல், மூடிய கதவுக்கு முன்னால் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். ருக்கு மாமி சிரித்த இடத்தில் உள்ளே ஒரு வளையல் சத்தம். உன் கடைசிக் கேள்விக்கு வந்ததும் குரலே வந்துவிட்டது!

"விக்கவா? அவுக வீடா இருந்தாத்தானே விக்க. மச்சானுக்குக் கோவம் வந்தா அவுகதான் செருப்ப மாட்டிக்கிட்டு உம்மா வீட்டுக்குப் போவாக. கோவம் தணிஞ்சா வருவாக. நாங்க எங்கயும் போறதில்ல."

பிறகு, "தம்பி, அந்தக் காத்து நல்லாயிருக்குன்னு எழுதியிருக்காகளே, அத இன்னொருக்காப் படிங்க" என்றார்கள். படித்தேன். "பழைய வீடு யாரு பேருல இருந்துச்சு?" என்றார்கள். அது ஒற்றை அறைக் கோலிதான், அப்பா உனக்குப் போட்ட சங்கிலியை விற்று வாங்கியது, அத்தான் பேரில் இருக்கிறது என்றேன்.  இவர்களுக்கு எதற்கு இந்த விசாரணை என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் கதவிடுக்கு வழியாக ஒரு கடிதத்தை நீட்டினார்கள், உனக்குத்தான். இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்புக்கு வெளியே தெரிகிற வரி முழுக்க அரபி எழுத்து. ஆனால் உள்ளே இருப்பது தமிழ்தானாம். இங்கே பெண்கள் குர்ஆன் ஓதப் படித்த எழுத்திலேயே தமிழையும் எழுதிக்கொள்கிறார்கள். "ஓதத் தெரிஞ்சவுக யாராச்சும் வாய்விட்டுப் படிச்சா உங்க அக்காவுக்குப் புரியும்" என்றார்கள். பம்பாயில் யாரைப் பிடிப்பாயோ.

சுவர் வேலை முடிந்துவிட்டது. முடுக்கில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ரஷீதாவின் வீட்டுக்கு ஓடு ஏற்றியாயிற்று. பேர்தான் இல்லை.

தம்பி,
தனசீலன்

---

மாதா துணை

கோவண்டி
12-4-65

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். இந்த வாரம் பெரிய வெள்ளி வருகிறது, நீ பூசைக்கு எங்கே போவாய்?

முதலில் நல்ல செய்தி. வீடு ரஷீதா பேருக்கே எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. செயலாளர் உனக்குத் தந்தி கொடுத்திருப்பார். எப்படி நடந்தது என்று கேட்காதே, நடந்துவிட்டது.

ராத்தாவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாஹிமுக்குப் போனேன். தர்கா பக்கம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற ஒரு மவுல்வி இருந்தார், வயசாளி, தமிழ் ஒரு சொல் தெரியாது. படித்துச் சொல்லும்படி கேட்டேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். சில எழுத்தில் புள்ளி அதிகம் என்று முழித்தார். "யே கோன்சி ஜபான் ஹை, பஹன்?" என்றார், இது எந்தப் பாஷை என்று. "மேரா ஜபான் ஹை", என் பாஷைதான் என்றேன். படிக்கிறவருக்கு அர்த்தம் தெரியாது, அர்த்தம் தெரிந்த எனக்குப் படிக்கத் தெரியாது. அவர் வாயிலிருந்து கட்டை கட்டையாக விழுந்த சத்தத்தை நான் சேர்த்துச் சேர்த்துக் கேட்டேன். கேட்கக் கேட்க, முகம் பார்க்காத அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் அழுதுவிட்டேன். மவுல்வி பயந்துபோய், யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

என்ன எழுதியிருந்தது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ராத்தாவின் வாசலில் போய் நின்று, "அக்கா ஆமாம் என்று சொல்லச் சொன்னாள்" என்று மட்டும் சொல். அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

அக்கா

---

மாதா துணை

மரைக்கான்பட்டினம்
26-4-65

அக்கா,

கலியாணம் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை ஊர்வலமாக ரஷீதாவின் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் நுழைந்தார். இனி உன் விஷயம்.

நீ சொன்னபடி ஆமாம் என்றேன். கதவுக்குப் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது.  பிறகு சொன்னார்கள்: "நீங்க வாசிச்சீக தம்பி, நான் கேட்டேன். வீட்ட விட்டு வந்தவதான் காத்து நல்லாயிருக்குன்னு எழுதுவா. சொந்த வீட்டுல இருக்கிறவ காத்தப் பத்தி எழுத மாட்டா. உங்க அக்காவுக்கு வீடு இல்ல. அது உங்களுக்குத் தெரியுமான்னு அவுககிட்டக் கேட்டு எழுதினேன். தெரியாதுன்னா நான் சொல்லவான்னும் கேட்டேன். அதுக்குத்தான் இந்த ஆமாம்."

என் கையாலேயே பிரித்து, என் வாயாலேயே இரண்டு தடவை படித்த கடிதம். எனக்குத் தெரியவில்லை. உன் முகத்தைப் பார்க்காத ஒருத்திக்குத் தெரிந்தது. எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது. ஆத்திரமாகவும் இருக்கிறது. அத்தான் தாராவிக் கோலியை விற்றாரா? உன்னைக் கேட்டாரா? நான் வந்ததும் அவரிடம் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். என்னிடம் சேர்த்து வைத்தது கொஞ்சம் இருக்கிறது, எல்லாவற்றையும் அனுப்புகிறேன். இனியாவது மறைக்காமல் எழுது.

தனசீலன்

---

மாதா துணை

சுனாபட்டி
15-5-65

அன்புத் தம்பி தனசீலனுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உன் உடம்பு எப்படி? வெயிலில் நிற்காதே.

மறைக்காமல் எழுதுகிறேன். பங்குக்குப் பணம் போட அத்தான் கோலியை விற்றார். என்னைக் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம் யாரோ ஒரு குடும்பம் பாத்திரங்களோடு வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்கே தெரியும். கூட்டாளி பணத்தோடு போய்விட்டான். கோவண்டியில் அடுத்தவர் அடுப்படியில் படுத்தோம். நீ அத்தனை தூரத்தில் ஊர்க்காரர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கும்போது, எனக்கு வீடு இல்லை என்று எப்படி எழுதுவேன்?

ஒன்று சொன்னால் நீ வருத்தப்படுவாய், ஆனாலும் சொல்கிறேன். இரண்டாம் தடவை மாதுங்காவுக்குப் போனபோது செயலாளர் எரிச்சலோடு, "அந்த ஊர்ப் பொண்ணுக்கு வீடு வந்தா என்ன, வராட்டா என்ன, உங்களுக்கு ஏம்மா இவ்வளவு பிடிவாதம்?" என்றார். "எனக்கு வீடு இல்ல சார். ஒருத்தர் பேருல இருந்துச்சு, அவரு வித்துட்டாரு. அந்தப் பிள்ளைக்கு அது வரக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு மனுஷரிடம் சொன்னேன்.  ருக்கு மாமி பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள்.

அத்தானை நீ ஒன்றும் கேட்க வேண்டாம். நான் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன், அவரும் அழவேண்டியதை அழுதுவிட்டார். இப்போது பழையபடி கூலிக்குத்தான் போகிறார். நீ அனுப்பியது வந்தது, வெட்கப்படாமல் வாங்கிக்கொண்டேன். சுனாபட்டியில் ஓர் அறை கிடைத்தது. ஜன்னல் சாக்கடையைப் பார்த்து இருக்கிறது, காற்று சுத்தமாக நல்லாயில்லை.

சாவி வாங்கப்போன அன்று நான் பிள்ளைகளோடு வாசலில் நின்றேன். வீட்டுக்காரர் வாடகைப் புஸ்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, "நாம் போலோ" என்றார், எழுதிக்கொள்ளப் பேர் சொல்லு என்று. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கலியாணமான நாளிலிருந்து என்னை ஏட்டி என்பார், பிள்ளை பிறந்தபிறகு பெரியவன் அம்மை என்பார். அன்று வீட்டுக்காரரிடம் திரும்பி, நிறுத்தி நிதானமாக, "சகாயராணி" என்றார். அவர் வாயிலிருந்து என் பேரை நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

ராத்தாவுக்கு இதைப் படித்துக் காட்டு.

உன் அக்கா,
சகாயராணி